வேலை காலி இல்லை, ஆட்கள் தேவை

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் கேட்டில் தொங்கும் போர்டை வருஷத்துக்கு நாலு தடவையாவது மாற்றி எழுதுகிறோம். தீபாவளி முடிந்த வாரம் ஒரு தடவை கட்டாயம். மேலே பெரிய எழுத்தில் ‘ஆட்கள் தேவை’. கீழே சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங் பெண்கள், கைமடி, அயர்ன், பேக்கிங் என்று வரிசை. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் பஸ் வசதி, தங்க இடம், மதியச் சாப்பாடு. பக்கத்திலேயே இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று.

என் அம்மா வேலை பார்த்த மில்லின் கேட்டிலும் ஒரு போர்டு இருந்தது. கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து: ‘வேலை காலி இல்லை’. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் மில் மூடும் வரை அதை யாரும் மாற்றி எழுதவில்லை. அப்படியும் தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். பதிலி ஆட்கள். உள்ளே யாராவது லீவு போட்டால் வெளியே நிற்கிற ஒருத்தருக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் திரும்பவும் வருவார்கள்.

ஆள் வெளியே வரிசையில் நின்ற காலத்தில் ஒரு மில் தன் ஆட்களுக்கு என்னவெல்லாம் செய்தது, ஆள் கிடைக்காமல் தவிக்கும் இந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று பல நாள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆள் நிறையக் கிடைத்தபோது குறைவாகவும், கிடைக்காதபோது அதிகமாகவும் கொடுத்திருக்க வேண்டும். கணக்கு அப்படி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எனக்குத் தெரிந்த மூன்று வாசல்களை வைத்துச் சொல்கிறேன்.

அம்மா ரீலிங்கில் இருந்தார். நூற்ற நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவு. மில்லில் பெண்கள் அதிகம் இருந்தது அங்கேதான். 1966-ல், 19 வயதில் சேர்ந்தார். டோக்கன் நம்பர் 417. இப்போது மாத்திரை போட்டோமா என்பது அவருக்கு மறந்துபோகிறது. 417 மறக்கவில்லை.

பெண்களுக்கு ராத்திரி வேலை கொடுக்கக் கூடாது என்று அப்போது சட்டம். அரை நைட்டும் முழு நைட்டும் ஆண்களுக்கு, அம்மாவுக்கு எப்போதும் பகல் ஷிப்ட். முதல் சங்கு ஊதியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பார். கேட்டுக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். எல்லோரும் அதைப் ‘பிள்ளை ரூம்’ என்பார்கள். வாசலில் ஆயா எங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, நீலக் கட்டம் போட்ட கவுன் ஒன்றை மாட்டிவிடுவார். சாயங்காலம் சங்கு ஊதினால்தான் சொந்தச் சட்டை திரும்பக் கிடைக்கும். சுவரோரம் வரிசையாகத் துணித் தொட்டில்கள். சற்று நேரத்தில் அலுமினியக் குவளையில் பால் வரும். எனக்கு ஆடை பிடிக்காது. ஆயா அதைச் சுண்டுவிரலால் வழித்து, ஆடைக்கென்றே காத்திருக்கும் இன்னொரு பையன் வாயில் வைப்பார்.

பத்து மணிக்கு அம்மா வருவார். தலைமுடியில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு. தொட்டியில் முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுப்பார். ஒரு கை தம்பியின் முதுகில், ஒரு கை என் தலையில். பக்கத்தில் இன்னும் நாலைந்து அம்மாக்கள் அதேபோல் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். மெஷின் சத்தத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கால் மணி நேரம் காதுக்கும் ஓய்வு. அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.

இருபது வருஷம் கழித்துச் சமூகப் பணி படிக்கப் போனேன். தொழிலாளர் சட்ட வகுப்பில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-வது பிரிவு வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் பிள்ளைகள் காப்பகம் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை 1976-ல் 30 ஆகக் குறைத்தார்கள். பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாலோ சிற்றுண்டியோ கொடுக்கவும், தாய்மார் இடையிடையே வந்து பாலூட்டவும் மாநில அரசு விதி செய்யலாம் என்று அதே பிரிவு சொன்னது. என் அலுமினியக் குவளை அந்த வரியிலிருந்துதான் வந்திருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து அதைப் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று வரை அது முதலாளியின் நல்ல மனசு என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். “ஆரும் சும்மா குடுக்கலே கண்ணு. நம்ம ஆளுக கேட்டு வாங்குனது” என்றார். அவருக்குச் சட்டப் பிரிவு எண் தெரியாது. ஆனால் தொழிற்சங்கத் தலைவர் என்.ஜி.ராமசாமி பேரும், 1946 ஜனவரி 8-ம் தேதி தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நாலு பேர் கதையும் தெரியும். அவர் பிறப்பதற்கு முந்தைய வருஷம் நடந்தது அது. கேட் மீட்டிங்கில் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

ஒவ்வொன்றும் இப்படித்தான் வந்து சேர்ந்தது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதன்முதலில் கோயம்புத்தூரில்தான் தொடங்கியது, 1955-ல். தம்பி பிறந்தது இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில். பிரசவத்துக்கு 12 வாரம் லீவு, வருமானம் நிற்கவில்லை. வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப்., 1952-ல். போனஸ் சட்டம் 1965-ல். இன்றைக்குக் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்கிறோமே, அது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்குப் பதின்மூன்றாவது மாசச் சம்பளம். பணிக்கொடைச் சட்டம் 1972-ல்.

மில் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சுத் தூசி எத்தனை பேர் நெஞ்சைத் தின்றது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். அப்பாவுக்கு வந்த இருமல் கடைசி வரை போகவில்லை. மேஸ்திரிகளின் வாய்க்குப் பயந்து அழுதுகொண்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பிள்ளையை எங்கே விடுவது, ஜுரம் வந்தால் எங்கே போவது, வயசானால் என்ன செய்வது என்ற மூன்று கவலைகளை அம்மா கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போக முடிந்தது.

1998-ல் மில்லை மூடினார்கள். பணிக்கொடைக் கணக்கு, ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் சம்பளம். அம்மா என் பழைய நோட்டின் பின் அட்டையில் பென்சிலால் எழுதினார்: 15 பெருக்கல் 32. நானூற்று எண்பது நாள் சம்பளம். இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள், ஒன்றரை வருஷம் ஆனது. ஆனால் வந்தது. அதையும் பி.எஃப். பணத்தையும் சேர்த்து மூன்று செண்ட் இடம் வாங்கினார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மில் போன பிறகும் மில்லில் உழைத்தது அவர் தலைக்கு மேல் கூரையாக நிற்கிறது.

இரண்டாவது வாசல் ஒரு நூற்பாலையின் விடுதி வாசல். நான் அங்கே தொழிலாளர் நல அதிகாரி. 500 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் அப்படி ஒருத்தர் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டம். 1996-ல் சேர்ந்தபோது, பிள்ளை ரூமில் வளர்ந்தவள் பிள்ளை ரூமைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்ற பெருமை எனக்கு. ஆனால் அந்த மில்லில் தாய்மாரே இல்லை. இருந்தவர்கள் கல்யாணமாகாத இளம் பெண்கள். தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

அவர்களை அழைத்து வந்தது ஒரு நோட்டீஸ். மேற்கு மாவட்டங்களில் அந்த நாளில் பல மில்கள் அதே மாதிரி அச்சடித்தன. சுமங்கலித் திட்டம், திருமாங்கல்யத் திட்டம் என்று மங்களமான பேர்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக 30,000 ரூபாய். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, டிவி, வருஷத்துக்கு ஒரு சுற்றுலா. பெண்ணைப் பெற்ற ஏழை அப்பாவின் நெஞ்சில் எது உறுத்துகிறதோ அதைத் தெரிந்து எழுதிய நோட்டீஸ். ஆளை இழுக்கவும் நிறுத்தவும் புதுசாக யோசித்துக் கண்டுபிடித்த சலுகை என்று இன்றைக்கு எந்தக் கருத்தரங்கிலும் அதை மேடை ஏற்றிவிடலாம்.

2003-ல் ஒரு பெண். பதினெட்டு வயது. சிம்ப்ளெக்ஸ் மெஷினில் இருந்தாள். இரண்டு வருஷம் பத்து மாசம் முடித்திருந்தாள். உதிரப்போக்கு நிற்காமல் முகம் வெளுத்துப்போய் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வா என்றேன். “ரெண்டு மாசம்தானேக்கா. பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுறேன்” என்றாள். இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மெஷினுக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். அவள் அப்பா வந்து கூட்டிப்போனார்.

ஒரு மாசம் கழித்து அவர் திரும்ப வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் நோட்டீஸ், நாலாக மடித்து வைத்திருந்தார். மூன்று வருஷம் முடிக்காதவர்களுக்குத் தொகை இல்லை என்பது விதி. அதை நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “இனாமாக் கேக்கலம்மா. எம்புள்ள வேலை பார்த்த காசைத்தானம்மா கேக்குறேன்” என்றார். மேலே போய்ப் பேசினேன். விதி விதிதான் என்றார்கள். பதிவேட்டில் அவள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் ‘இடையில் நின்றவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது. அந்த வருஷமே வேலையை விட்டேன். விட்டதால் அவளுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை.

2011-ல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பு இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் துணியின் நூல் எப்படிப்பட்ட விடுதிகளிலிருந்து வருகிறது என்று வெளியே பேசப்பட்டது. வாங்குபவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நோட்டீஸ்கள் பேரை மாற்றிக்கொண்டன, பல இடங்களில் முறையும் மாறியது. எனக்கு அந்த மஞ்சள் பை மட்டும் மாறவில்லை.

அன்றிலிருந்து எந்தச் சலுகையைப் பற்றி யார் சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். இவள் நாளைக்கு வேலையை விட்டுப் போனால் இது இவளோடு போகுமா? அம்மாவின் பி.எஃப். அம்மாவோடு போனது. அந்தப் பெண் உழைத்த 30,000 மில்லிலேயே தங்கிவிட்டது. முடிவில் தருகிறோம் என்று முன்னால் தொங்கவிட்ட பணம், உண்மையில் மாசாமாசம் பிடித்து வைத்த கூலி. ஆளைத் தங்க வைப்பது ஒன்று, பிடித்து வைப்பது ஒன்று. இரண்டையும் ஒரே பேரில் அழைப்பதுதான் எங்கள் தொழிலின் பெரிய தவறு.

மூன்றாவது வாசல் இந்தத் திருப்பூர். இங்கே ஷிப்ட் என்பதே ஒரு கூலி அளவு. காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட். ராத்திரி வரை இருந்தால் ஒன்றரை. ஆர்டர் அவசரம் என்றால் இரண்டு. சனிக்கிழமை சம்பளம். பஞ்சப்படிக்காக 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. 2005 ஜனவரி முதல் தேதியோடு உலகத் துணி வணிகத்தில் கோட்டா முறை முடிந்தபோது ஊர் இன்னும் விரிந்தது. ஆர்டருக்கு ஏற்ற ஆள் அன்றிலிருந்து போதவில்லை. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்குப் பத்து ரூபாய் கூட என்றால் திங்கட்கிழமை காலையில் ஒரு லைனே காலியாகிவிடும்.

அதற்கு நாங்கள் செய்யாததில்லை. தீபாவளி முடிந்து திரும்பி வந்தால் குக்கர். ஆளைக் கூட்டி வந்தால் ஆயிரம் ரூபாய். ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்கு மாசக் கடைசியில் அட்டெண்டன்ஸ் போனஸ். குலுக்கலில் தங்கக் காசு. குக்கர் வாங்கிக்கொண்டு போன பெண்கள் ஆடி மாசத்துக்குள் பாதிக்கு மேல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குக்கர் வீட்டில் இருக்கிறது, கவலை அப்படியேதான் இருக்கிறது.

2020 மே மாசம் சிறப்பு ரயில்களில் வடக்கத்திப் பிள்ளைகள் போனபோது ஊரே ஓய்ந்தது. சில மாசம் கழித்து நாங்களே பஸ் அனுப்பி அழைத்து வந்தோம். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, ஹோலிக்கு முன்பே பயத்தில் பலர் ரயில் ஏறினார்கள். அந்த நாட்களில் விடுதியில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் பேசினேன். ஒடிசாப் பையன் ஒருவன், நாலு வருஷமாக ஓவர்லாக்கில் இருப்பவன், தமிழ் நன்றாகப் பேசுவான். என்ன கொடுத்தால் திரும்பி வருவாய் என்று கேட்டேன். “அதே மெஷின் கிடைக்குமாக்கா?” என்றான். ஊருக்குப் போய் வந்தால் புது ஆள் கணக்கில் சேர்த்து, பழைய கூலியைக் குறைத்து, மூலையில் ஏதாவது ஒரு பழுது மெஷினில் உட்கார வைப்பார்களாம். ஒரு டெய்லருக்குத் தன் மெஷின் என்பது, விவசாயிக்குத் தன் காளை மாதிரி. பெடலில் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஓடும் என்று காலுக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரமே ஒரு அட்டை அச்சடித்தோம். பேர், போகும் தேதி, வரும் தேதி, மெஷின் எண், கூலி. கீழே கம்பெனி முத்திரை. ஒரு அட்டைக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. அட்டையோடு போனவர்கள் பெரும்பாலும் வந்தார்கள்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு கூட்டம். ஆளைத் தக்கவைக்கப் புதுமையாக என்ன செய்யலாம் என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். நன்றாகத் தயாரித்திருந்தார். 2022-ல் சென்னை ஐடியாஸ் டூ ஐடி நிறுவனம் 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்தது, மதுரை ஸ்ரீ மூகாம்பிகா இன்ஃபோசொல்யூஷன்ஸ் ஊழியர்களுக்கு வரன் பார்த்துக் கொடுத்து, கல்யாணமானால் சம்பளமும் உயர்த்துகிறது என்று படம் போட்டுக் காட்டினார். எங்களுக்குப் பிறந்தநாள் கேக், விளையாட்டு அறை, மாசத்துக்கு ஒரு கலைநிகழ்ச்சி என்று பட்டியல். அந்தக் கம்பெனிகளைப் பற்றி எனக்குக் குறையில்லை. அவர்கள் தங்கள் ஆட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்திருக்கலாம். நாம் நம் ஆட்களைக் கேட்டோமா என்றேன். இரண்டு வாரம் அவகாசம் வாங்கினேன்.

படிவம் எதுவும் கொடுக்கவில்லை. காலை டீ நேரத்தில் லைனுக்குப் போய், கட்டு போட்ட துணி மேல் உட்கார்ந்து கேட்டேன். கேக் வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒரு பெண் சொன்னாள்: “பையன் ஸ்கூல்ல மீட்டிங்னு அரை நாள் லீவு போட்டனுங் மேடம். மாசம் முச்சூடும் வந்ததுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு.” நாங்கள் பரிசு என்று நினைத்தது அவளுக்கு அபராதமாக இருந்திருக்கிறது. இன்னொருத்தி, அங்கன்வாடி நாலு மணிக்குள் மூடிவிடுகிறது, ஷிப்ட் முடிவது ஐந்தரைக்கு, நடுவில் பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் என்றாள். சனிக்கிழமை சம்பளத்தை ஐந்து மணிக்குள் போட்டால் வெளிச்சத்தில் சந்தைக்குப் போய்விட்டு வீடு சேரலாம் என்றார்கள் பலர்.

பவர் டேபிளில் இருக்கும் ஒரு அக்கா தயங்கித் தயங்கி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே ஐந்து கம்பெனிகளின் சம்பளச் சீட்டுகள். ஐந்திலும் பி.எஃப். பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கு 12 சதவீதம், அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். 2014-லிருந்து பி.எஃப். கணக்குக்கு ஒரு ஆளுக்கு ஒரே யு.ஏ.என். எண்தான். ஆனால் இவருக்கு மூன்று எண்கள். ஆதாரில் ஒரு பேர், பி.எஃப். ஏட்டில் ஒரு பேர், பிறந்த வருஷம் வேறு. கம்பெனி மாறும்போது சில இடங்களில் புதுசாக ஒரு எண் போட்டுவிட்டு, பழையதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு வருஷ உழைப்பு மூன்று எண்களில் சிதறிக் கிடந்தது. “இதெல்லாம் எனக்கு வருமுங்களா?” என்று கேட்டார்.

புதன்கிழமை தோறும் டீ நேரத்துக்கு ஒரு மேஜை போட்டோம். ஒரு கம்ப்யூட்டர், கைரேகைக் கருவி, விவரம் தெரிந்த ஒரு பெண். பேர் திருத்தம், ஆதார் இணைப்பு, 13-ம் படிவம் போட்டுப் பழைய கணக்கைப் புதுக் கணக்கில் சேர்ப்பது. நாலு மாசம் ஆனது அந்த அக்காவுக்கு. செல்போனில் மொத்தத் தொகை வந்த அன்றைக்கு, மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எத்தனை சைபர் என்று விரல் வைத்து எண்ணினார். எங்கள் கம்பெனி அதில் கொடுத்தது கொஞ்சம். மற்றதெல்லாம் அவர் ஏற்கெனவே சம்பாதித்து வைத்தது. ஆனால் அன்றிலிருந்து அந்த லைனில் எங்கள் பேச்சுக்கு ஒரு மதிப்பு வந்தது.

அரசாங்கம் செய்ததும் இதில் சேர்கிறது. 2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதுவரை கம்பெனி பஸ் எந்தப் பாதையில் போகிறதோ அந்தப் பாதையில்தான் ஒரு பெண்ணின் வேலையும். இப்போது நல்ல கம்பெனி தூரத்தில் இருந்தாலும் தேடிப் போகிறாள். 2023 ஆகஸ்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு விரிவான பிறகு, எட்டரை ஷிப்டுக்கு ஓடிவருகிற தாய்க்குக் காலையில் ஒரு அடுப்பு குறைந்தது. கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதை ஆளைத் தேடும் எல்லா முதலாளிகளும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கம்பெனியிலும் பிள்ளை ரூம் இருந்தது. சட்டப்படி இருக்க வேண்டும், இருந்தது. சுவரில் முயலும் யானையும் வரைந்திருந்தார்கள். தொட்டில் கம்பியில் கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பொம்மைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில். வெளிநாட்டிலிருந்து ஆடிட் வரும் நாளில் மட்டும் திறப்பார்கள். அந்தச் சாவியை இந்தத் தடவை கேட்டு வாங்கினேன். பிள்ளை வளர்த்து அனுபவமுள்ள இரண்டு அம்மாக்களை, செக்கிங்கில் முதுகு ஒடிய நின்றவர்களை, பயிற்சி கொடுத்து அங்கே மாற்றினோம். முதல் வாரம் ஆறு பிள்ளைகள். இரண்டு ஒடியாப் பிள்ளைகள், ஒரு பிகார்ப் பிள்ளை, மூன்று நம் ஊர்ப் பிள்ளைகள். நான்காம் நாள் எல்லோரும் ஒரே பாஷையில் அழுதார்கள்.

ஒரு நாள் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். தொட்டில் துணியை விரலால் தேய்த்து, “நல்ல நூலு” என்றார். சின்ன நாற்காலியில் உட்கார்ந்து ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால்.

“பத்து மணிக்குத் தாயை விடறீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. விடவில்லை. டீ நேரம் பத்து நிமிஷம், அதில் மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். அறை இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, ஆள் இருக்கிறது. என் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்த அந்தக் கால் மணி நேரம் மட்டும் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஐம்பது வருஷம் கழித்து, அவருக்குத்தான் தோன்றியது.

லைன் சூப்பர்வைசரிடம் பேசினேன். “ஒரு மெஷின் நின்னா லைனே நின்னு போகுமுங் மேடம்” என்றார். உண்மைதான். அசெம்பிளி லைனில் ஒருத்தர் கை நின்றால் அடுத்தவர் முன்னால் துணி தீர்ந்துபோகும். லைனுக்கு ஒரு உதிரி டெய்லர் வைத்தோம். எல்லா மெஷினும் ஓட்டத் தெரிந்தவர். தாய் எழுந்து போனால் அவர் உட்காருவார். கூலி பிடித்தமில்லை என்று எழுதி ஒட்டினோம். இந்த ஒன்றை வாங்க எனக்கு மூன்று மாசமும் நாலு கூட்டமும் ஆனது.

இந்தத் தீபாவளி முடிந்ததும் போர்டு எழுதுகிறவர் வழக்கம் போல ஏணியோடு வந்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டை முதலாளி வாங்கிப் படித்தார். பிள்ளையுடன் வரலாம். ஊருக்குப் போய் வந்தால் அதே மெஷின், அதே கூலி. பழைய பி.எஃப். சேர்த்துத் தரப்படும்.

“கடைசி வரி போட்டா, போறதுக்கு நாமளே வழி சொல்லிக் குடுக்கறாப்பல இருக்காதுங்களா?” என்றார்.

“இருக்குங்க சார். போக வழி இருக்குன்னு தெரிஞ்சா வர்றதுக்குப் பயப்பட மாட்டாங்க.”

அவர் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தார். பிறகு எழுதுகிறவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஓவர்லாக் பையன் வந்து, அதே மூன்று வரிகளை ஒடியாவில் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் காட்டினான். எழுதுகிறவர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, பழைய சிவப்பு வரியைக் காட்டிக் கேட்டார்.

“குக்கர் இருக்கட்டுங்களா மேடம்?”

அழிச்சிடுங்க, அந்த இடம் வேணும் என்றேன். நாலாவது வரி ஒன்று இருந்தது, சீட்டில் இடம் போதாமல் பின்பக்கம் எழுதியிருந்தேன். பத்து மணிக்குத் தாய்மாருக்குக் கால் மணி நேரம் உண்டு.